சனிக்கிழமை விழும் விமானம்

சனிக்கிழமை மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு வானத்தில் இன்ஜின் சத்தம் நின்றது. என் பெரியம்மா மகள் எழுந்து போய் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், கிராணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவின் கணவர்தான் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஆபீஸ் மணியோடு தினமும் ஒத்துப் பார்க்கப்படும். அதையேதான் நான் அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பறந்துகொண்டிருந்த அந்த இரண்டு பேர் விமானத்தின் முன் இருக்கையில் என் மகள் எஸ்தர் இருந்தாள். பின் இருக்கையில் இருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

அவர் பெயர் வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். நான் அவரை அண்ணே என்பேன். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்பதால் அவர் என்னை டீச்சர் என்பார். என்னைவிட நான்கு வயது மூத்தவர் டீச்சர் என்று கூப்பிடும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பிறகு பழகிவிட்டது.

ரயில்வே பட்டறையில் இருபது வருஷம் இன்ஜின் பிரித்துப் பூட்டியவர். கோலாலம்பூருக்குப் பறக்கும் கிளப் வந்ததும் அங்கே இயந்திரம் பார்க்கும் வேலைக்குப் போனார். அங்கிருந்த வெள்ளைக்காரப் பயிற்சியாளர் ஒருவர், பழுது பார்ப்பவனுக்குப் பறக்கவும் தெரிந்தால்தான் பழுது தெரியும் என்று இவருக்கும் கற்றுக்கொடுத்தாராம். நாற்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் வாங்கினார். அன்று குவார்ட்டர்ஸ் முழுவதும் லட்டு கொடுத்தார். லட்டு கொடுக்கும்போது எல்லோரும் வானத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவர் தரையைப் பற்றியே பேசினார்.

அவருடைய நோய் அதுதான். எந்த இன்ஜினும் ஒரு நாள் நிற்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. "எப்போங்கறதுதான் தெரியாது டீச்சர். நிக்கறதுக்கு முன்னாலயே இடத்தைப் பார்த்து வெச்சுக்கணும்" என்பார். ஆகவே எங்கே போனாலும் இறங்குவதற்கு இடம் பார்த்துக்கொண்டே போவார். நம்மோடு நடந்து வருவார், பேச்சுக்குப் பதிலும் சொல்வார், கண் மட்டும் வேலிக்கு அப்பால் எங்கோ அளந்துகொண்டிருக்கும்.

ஒரு முறை நாங்கள் இரண்டு குடும்பமும் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். சன்னலோரம் உட்கார்ந்து அவர் வழி நெடுகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார். ரப்பர், முடியாது. ஈயச் சுரங்கக் குளம், முடியாது. லாலாங் புற்காடு, முடியும், ஆனால் உள்ளே குழி இருந்தால் தெரியாது. சீனர் காய்கறித் தோட்டம், தாராளமாக இறங்கலாம், ஆனால் இறங்கின பிறகு அடி விழும். பத்துத் தீகா ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பெட்டியில் இருந்த முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். ஒரு செட்டியார் எழுந்து நின்று ஒரு பள்ளிக்கூடத் திடலைக் காட்டி, இது எப்படி என்றார். இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கோல் கம்பத்தைப் பிடுங்கிவிட்டால் சரி என்றார். செட்டியாருக்குப் பரீட்சையில் தேறின முகம்.

சர்ச்சில் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்வார். போதகர் நீட்டி முழக்கும்போது இவர் தலை மெதுவாகச் சன்னல் பக்கம் திரும்பும். சர்ச்சுக்கு வெளியே ஒரு சின்ன மைதானம் இருந்தது. மனத்துக்குள் அதில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆமென் சொல்வார். மூப்பர் ஒருவரை அடக்கம் செய்யப் போனபோது, குழிக்கரையில் நின்றுகொண்டு என் காதருகே, "நல்ல சமதளம் டீச்சர். சிலுவைதான் இடைஞ்சல்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மூப்பரின் மூத்த மகன் திரும்பிப் பார்த்தார். அந்தக் குடும்பம் ஒரு வருஷம் எங்களோடும் பேசவில்லை.

வீட்டிலும் பயிற்சி நடக்கும். சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று விளக்கை ஊதி அணைத்துவிட்டு, இப்போது என்ன செய்வாய் என்று மனைவியைக் கேட்பார். அந்த அம்மாள் இருட்டிலேயே ரசம் ஊற்றுவார். ஒரு நாள் மதியம் அவர் வேலையிலிருந்து வந்து இலை முன் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இன்னைக்குச் சோறு ஆக்கல. இப்போ என்ன செய்வீங்க?" என்று கேட்டாராம். எந்தப் புருஷனும் கத்தியிருப்பான். இவர் பூரித்துப்போனார். எழுந்து நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். காற்று எங்கள் வீட்டிலிருந்து அடித்தது. நான் அன்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் எங்கள் பலகையில் வந்து உட்கார்ந்து, மாற்று இடம் முதலிலேயே பார்த்து வைத்திருந்தது எவ்வளவு நல்லது என்று என் கணவரிடம் விளக்கிக்கொண்டே மூன்று தட்டுச் சாப்பிட்டார்.

இத்தனைக்கும் அவருக்கு ஒரு தடவைகூட வானத்தில் இன்ஜின் நின்றதில்லை. அதுதான் அவருக்கு உறுத்தல். நிற்காத இன்ஜினை அவர் நம்பவில்லை.

நான் அவரைக் கேலி செய்ததில்லை. சொல்லப்போனால் எனக்கும் அதே வியாதிதான். எஸ்தர் பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிடம் தாமதமானால் சடக்கில் போகிற மாட்டு வண்டி எல்லாம் அவள் மேல் ஏறிவிட்டதாக நினைப்பேன். மழை பெய்தால் காலரா, வெயில் அடித்தால் பித்தம். ஒரே ஒரு வித்தியாசம்தான். நான் பயந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அவர் பயத்தை எடுத்து வைத்துப் பயிற்சி செய்வார்.

அவருடைய பயிற்சி இடம் அக்காவின் தோட்டத்து ஓரத்தில் இருந்தது. மரம் வெட்டிவிட்டு மறுநடவு செய்யாத நிலம். இரண்டு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் வாய்க்கால். சனிக்கிழமை தோறும் நான்கு மணிக்கு மேல் அங்கே வருவார். இரண்டாயிரம் அடி உயரத்தில், பெட்ரோல் விடும் பிடியை இழுத்து மூடிவிடுவார். இன்ஜின் முழுவதும் நிற்காது, லேசாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் கீழே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காது. ரப்பர் புகைக்கூடத்துப் புகையைப் பார்த்துக் காற்றைத் தெரிந்துகொள்வார். புகை இல்லாவிட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கொடியில் காயும் வேட்டிகள். வளைந்து வளைந்து இறங்கி, ரப்பர் மரத்து உச்சிக்கும் கீழே வந்து, சக்கரம் புல்லைத் தொடப் பத்தடி இருக்கும்போது பிடியைத் திறந்து உறுமிக்கொண்டு மேலே போய்விடுவார். கிளப்பின் விதி அப்படி: உடைத்தால் யார் பதில் சொல்வது என்று இறங்க விடமாட்டார்கள்.

முதல் சனிக்கிழமை தோட்டமே ஓடியதாம். கங்காணி கயிறு எடுத்துக்கொண்டார், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மருந்துப் பையோடு சைக்கிளில் பறந்தார், பெண்கள் குடத்தில் தண்ணீர் எடுத்து ஓடினார்கள். விமானம் அவர்கள் தலைக்கு மேல் எழும்பிப் போயிற்று. பைலட் கையை வேறு ஆட்டினார். இரண்டாவது வாரம் பாதிப் பேர் ஓடினார்கள். ஐந்தாவது வாரம் டிரெஸ்ஸர் மட்டும் ஓடினார், அதுவும் உத்தியோகக் கடமைக்காக. ஆறாவது வாரம் அவரும் பையை மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாய்கூடக் குரைக்கவில்லை. விமானம் விழும் நேரத்துக்குத் தேத்தண்ணி வைப்பது என்று தோட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. அக்கா அதைக் கடிதத்தில் எழுதியபோது நானும் சிரித்தேன்.

எஸ்தர் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறினால் ஒரு நாள் விமானத்தில் ஏற்றிப்போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பெண்பிள்ளையைக் கிளப்பில் ஏற்ற மாட்டார்கள் என்று நம்பித்தான் நான் சரி என்றேன். அவள் தேறினாள். கிளப்பிலும் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். என் கணவர் எதற்கும் கையெழுத்துப் போடும் மனிதர், அந்தக் கடுதாசியிலும் போட்டுவிட்டார். நான் அண்ணனைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். என் மகள் உள்ளே இருக்கும்போது அந்தப் பயிற்சி கூடாது.

"சத்தியமா இல்ல டீச்சர்" என்றார். "நேரா வந்து கிராணி வீட்டுக்கு மேல ஒரு சுத்து சுத்தி, ரெக்கையை ஆட்டிட்டுத் திரும்பிடறோம். நீங்க கிளப்புல நின்னு அழாதீங்க. அக்கா வீட்டுல போய் நிம்மதியா உக்காந்து பாருங்க."

நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். நான்கு இருபதுக்குச் சத்தம் நின்றது.

"சத்தியம் பண்ணினாரே" என்றேன்.

அக்கா அடுப்படியிலிருந்தே, "அவர் கை சும்மா இருக்காது. நீ கவலைப்படாதே. தண்ணி கொதிக்கறதுக்குள்ள மேல போயிடும்" என்றாள்.

நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் அடியில் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. பிறகு பாத்திரம் முனகத் தொடங்கியது. வெளியே சத்தம் இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அக்கா தேயிலையைப் போட்டாள், மூடினாள், காதைத் தீட்டிக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். காற்று அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், அதனால் கேட்கவில்லை என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓடினேன். எனக்கு அப்போது நாற்பது வயது. கடைசியாக ஓடியது பத்து வயதில் இருக்கலாம். ரப்பர் தோட்டத்துக்குள் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை, ஒரே மாதிரி ரப்பர்ப்பால் கோப்பை, ஓடுகிறோமா அதே இடத்தில் நிற்கிறோமா என்றே சந்தேகம் வரும். ஒரு காலில் செருப்பு போய்விட்டது. புல் வெட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நான்கு பெண்கள் எதிரே வந்தார்கள். ஏரோப்பிளேன் விழுந்துவிட்டது, வாருங்கள் என்று அவர்கள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர்களில் மூத்தவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஊருக்குப் புதுசா? அது சனிக்கிழமைன்னா விழும்மா" என்றாள்.

இன்னொருத்தி, "பாவம், படிச்சவங்க மாதிரி இருக்கு" என்றாள்.

மேலே போகவில்லை, இன்னும் மேலே போகவில்லை என்று கத்தினேன். போகும் போகும் என்று ஆறுதல் சொல்லி, வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்கள். கைகளை உதறிக்கொண்டு ஓடினேன். கொஞ்ச தூரத்தில் டிரெஸ்ஸர் வீடு. அவர் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு. என்னைக் கண்ணாடியில் பார்த்தே கையால் சைகை காட்டினார், பதறாதே என்பது போல. நான் நிற்கவில்லை. அந்த நிமிஷம் நான் மனத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை இதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவளை எந்தப் புடவையில் கிடத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீலமா, வெள்ளையா என்று. இப்போதும் வானத்தில் ஒரு இன்ஜின் சத்தம் கொஞ்சம் தணிந்தால் எனக்கு அந்த நீலப் புடவைதான் கண்ணில் வருகிறது. அது இன்னும் பெட்டியில் இருக்கிறது. எஸ்தருக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அந்தப் புடவையைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

மரங்கள் முடிந்தன. வெட்டவெளியில், லாலாங் புல்லுக்கு நடுவே, விமானம் நின்றது. நேராக, முழுசாக, யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி. அதன் முன்னால் சுழலும் பலகை அசையாமல் நின்றது. எஸ்தர் தோல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என்னைக் கண்டதும், "அம்மா, இன்ஜின் நிஜமாவே நின்னுடுச்சு, பார்த்தீங்களா?" என்றாள். ஏதோ பரிசு வாங்கியது போல.

நான் அவளைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தேன். பிறகு முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு மறுபடி தடவிப் பார்த்தேன்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். மேலே இரண்டு பேரும் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பேசிக்கொள்ளலாமாம். மாமா, எப்போதும் செய்வீர்களே, அதைக் காட்டுங்கள் என்று இவள்தான் குழாயில் நச்சரித்திருக்கிறாள். அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று அவர் இரண்டு தடவை மறுத்திருக்கிறார். மூன்றாவது தடவை, அப்படியென்றால் உங்களுக்குச் சரியாக வராதா மாமா என்று கேட்டிருக்கிறாள். அதோடு அவர் பிடியை மூடிவிட்டார். இறங்கும்போது நடுநடுவே கொஞ்சம் பிடியைத் திறந்து இன்ஜினைச் சூடு பண்ணிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்து நின்றுவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல. பட்டறையில் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவர். ஆனால் அன்றைக்கு, இன்ஜின் நின்றால் எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்று எஸ்தருக்குக் குழாயில் விளக்கி மாளவில்லை. விளக்கத்தின் நடுவே இன்ஜின் நின்றது.

அவர் விமானத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் போனேன். இருபது வருஷமாகக் குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், அதேதான் வந்தது.

"கையை நீட்டுங்க" என்றேன்.

அவரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தானே, மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். என்னிடம் பிரம்பு இல்லை. ஒற்றைச் செருப்பு இருந்தது, அதைக் கழற்றிக் கையிலும் எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், அடி வாங்கப் போகும் பையன் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். செருப்பைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப நல்லா இறங்கியிருக்கீங்க அண்ணே" என்றேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அதுதான்.

"டீச்சர்" என்றார். குரல் குழந்தை மாதிரி இருந்தது. "இதுக்கு மேல என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. இந்த இடத்துல இருந்து நான் எப்பவும் மேல போயிடுவேன்."

ஏழு மாதம், ஒரு சனிக்கிழமை தவறாமல், புல்லுக்குப் பத்தடி வரைக்கும் எல்லாவற்றையும் பயிற்சி செய்திருந்தார். அந்தப் பத்தடிக்குக் கீழே உலகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இறங்கின இடத்தில் தண்ணீர் இருக்கிறதா, சடக்கு எந்தப் பக்கம், கிளப்புக்கு யார் தகவல் சொல்வது, சுழலும் பலகையைக் கையால் சுற்றிவிடும்போது வாலைப் பிடித்துக்கொள்ளப் பலமான ஆட்கள் வேண்டுமே, அந்த ஆட்கள் எங்கே. மூன்று பேரும் சேர்ந்து கூப்பிட்டோம். எஸ்தர் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள், அந்தப் பழக்கம் அவளுக்கு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஒரு பதிலும் வரவில்லை. தோட்டம் முழுவதும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

வெயில் சாய ஆரம்பித்தது. எனக்கு மறுபடி பயம் வந்தது, புலி, பாம்பு, கடைசி ரயில் என்று வரிசையாக. வழி தெரியாத ரப்பருக்குள் மகளைத் திரும்ப அழைத்துப் போக என் கால் ஒப்பவில்லை. அண்ணன் விமானத்தின் இறக்கைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கண் எந்த இடத்தையும் அளக்கவில்லை.

அப்போது வாய்க்கால் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். எங்களை மாதிரி நடுவயதுக்காரர், முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டின கைலி, பின்னால் கயிறில்லாமல் தானாக வரும் இரண்டு பசுக்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து அத்தாப்பு ஓலைக் குடிசையில் இருக்கும் பால்காரர். தலையில் ஒரு மர நாற்காலியைக் கவிழ்த்துச் சுமந்துகொண்டு வந்தார். எங்களில் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. விமானத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, இறக்கை நிழலில் நாற்காலியை இறக்கி வைத்தார். நான்கு காலும் சமமாக நிற்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துப் பலகையை அழுத்தித் துடைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"ஏழு மாசமா வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிடறீங்களேண்ணே" என்றார். "எங்க வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பா, பாவம், இறங்கக் கூச்சப்படறாரு, நீங்கதான் போய்க் கூப்பிடணும்னு. நான் நாற்காலி எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிடுவீங்க. இன்னைக்குத்தான் இறங்கி இருக்கீங்க. வாங்க, உக்காருங்க. பசியாறிட்டுப் போகலாம்."